கைமாறிய வண்டியும் கைமாறாத கடனும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், கணிதவியல் மாணவி)

நம் கல்லூரியில் பயிலும் மாணவ மாணவியருள் பலர் உழவர், ஓட்டுநர், கூலித் தொழிலாளர் ஆகியோரின் மக்கள். நம்மில் பலருடைய வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்கும். அது இரு சக்கர வண்டியாக இருக்கலாம், ஆட்டோவாக இருக்கலாம், 'குட்டி யானை' என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டியாகவும் இருக்கலாம். அவ்வண்டி முழுப் பணம் கொடுத்து வாங்கியதாக இராது. மாதந்தோறும் 'டியூ' கட்டி ஓட்டுவதாகவே பெரும்பாலும் இருக்கும்.

டியூ முடிவதற்கு முன்பே அவ்வண்டியை விட்டுவிட வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது? நோய் வரலாம், தொழில் நொடிக்கலாம், ஊர் மாற நேரலாம். அப்போது நம் ஊர்களில் எல்லோரும் சொல்லும் எளிய வழி ஒன்று உண்டு. "டியூவை நீ கட்டிக்கொள், வண்டியை நீ ஓட்டிக்கொள்" என்று இன்னொருவரிடம் கொடுத்துவிடுவதே அது. இந்த எளிய வழி எங்கள் குடும்பத்திற்கு எத்தனை பெரிய துன்பமாக முடிந்தது என்பதையும், முறையான வழி யாது என்பதையும் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

எங்கள் வீட்டுக் கதை

என் தந்தையார் 2021ஆம் ஆண்டு சனவரியில் ஒரு குட்டி யானை வாங்கினார். அம்மாவின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டினார். மீதிக்கு ஒரு நிதி நிறுவனத்தில் 3,00,000 ரூபாய் கடன். வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு. 48 மாதத் தவணை. மாதம் 7,900 ரூபாய். சுற்று வட்டார ஊர்களிலிருந்து தக்காளியும் முருங்கையும் ஏற்றி ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குக் கொண்டு செல்வதே அவர் தொழில். பதினெட்டு மாதம் ஒரு டியூவும் தவறவில்லை.

பதினெட்டாவது மாதம் அவருக்கு முதுகுத் தண்டில் வலி கண்டது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். அப்போதுதான் எங்கள் தெருவில் உள்ள ஒருவர், நாங்கள் 'மாமா' என்று அழைப்பவர், தாமே முன்வந்தார். "அண்ணே, கையில அறுபதாயிரம் தர்றேன். மிச்ச டியூவ நான் கட்டிக்கிறேன். முடிஞ்சதும் பேரு மாத்திக்கலாம்" என்றார். இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டனர். வண்டி அன்று மாலையே மாமா வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. அம்மா பெருமூச்சு விட்டார். பாரம் இறங்கியது என்றே நாங்கள் அனைவரும் எண்ணினோம்.

தவணைப் பணத்தை நிறுவனத்தார் அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்தே பிடித்து வந்தனர். ஆகவே மாமா மாதந்தோறும் பணத்தை அப்பாவின் கையில் கொடுப்பார்; அப்பா கணக்கில் கட்டுவார். எட்டு மாதம் இவ்வாறு ஒழுங்காக நடந்தது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மாமா பணம் தரவில்லை. அவர் நம்பியிருந்த கோழிப்பண்ணை லோடு நின்றுவிட்டது. அவர் வஞ்சகர் அல்லர். வருமானம் இல்லாதவர், அவ்வளவே. ஆனால் நிறுவனத்தாருக்கு மாமாவைத் தெரியாது. அவர்கள் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வந்தனர். நான் அப்போது பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்து, முடிவுக்காகக் காத்திருந்தேன். தெருவே பார்க்க, என் தந்தையார் தலை குனிந்து நின்றதை நான் மறக்க இயலாது.

அவ்வாண்டு சூன் மாதம் செவிலியர் படிப்பில் சேர எண்ணி, கல்விக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குச் சென்றோம். பெற்றோர் ஒருவரும் என்னோடு சேர்ந்து கடன் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும் என்றனர். பிறகு கணினியில் அப்பாவின் 'சிபில்' கணக்கைப் பார்த்தார்கள். கட்டாத தவணைகள் இருக்கின்றன என்று விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். "அந்த வண்டிய நான் கொடுத்திட்டேனே சார்" என்றார் அப்பா. "பேரு உங்க பேருதானே இருக்கு" என்றார் அதிகாரி. அந்த ஒரு வாக்கியத்திற்குள் இக்கட்டுரை முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

அந்த ஆண்டு நான் படிக்கவில்லை. நூற்பாலைக்கு வேலைக்குச் சென்றேன்.

ஒப்பந்தம் கூறுவது என்ன?

ஆலையில் இரவு முறை முடிந்து வந்த ஒரு நாள், அப்பாவின் கடன் ஒப்பந்தத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். முழுவதும் ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அப்பாவின் தமிழ்க் கையொப்பம் இருந்தது. எங்கள் வீட்டில் அத்தாளை முதன்முதலில் படித்தவள் நான்தான். மூன்று செய்திகள் எனக்கு விளங்கின.

முதலாவது, கடன் தீரும் வரை வண்டி நிறுவனத்திற்கு ஈடாக உள்ளது. ஆர்.சி. புத்தகத்திலும் இந்த ஈட்டுரிமை பதிவாகியிருக்கிறது. இரண்டாவது, நிறுவனத்தின் எழுத்து மூலமான சம்மதம் இன்றி வண்டியை விற்கவோ, பிறரிடம் ஒப்படைக்கவோ கூடாது. மூன்றாவது, வண்டி எங்கே இருந்தாலும், ஓடினாலும் ஓடாவிட்டாலும், கடனைக் கட்ட வேண்டியவர் கையொப்பமிட்டவரே.

அப்படியானால் அந்த இருபது ரூபாய்த் தாளின் மதிப்பு என்ன? அது அப்பாவுக்கும் மாமாவுக்கும் இடையே உள்ள பேச்சு. மாமா பணம் தராவிட்டால் அவர்மேல் வழக்குத் தொடர அது ஒரு சான்றாகலாம். ஆனால் நிறுவனத்தை அது சிறிதும் கட்டுப்படுத்தாது. நமக்கு வர வேண்டிய பணத்தை வாங்கும் உரிமையை நாம் பிறருக்கு மாற்றிக் கொடுக்கலாம். நாம் கொடுக்க வேண்டிய கடனைப் பிறர் தலையில் நாமாக மாற்றிவிட முடியாது. கடன் கொடுத்தவரும் சம்மதித்துப் பழைய ஒப்பந்தத்திற்குப் பதிலாகப் புதிய ஒப்பந்தம் எழுதினால்தான் பழையவர் விடுதலை பெறுவார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 62ஆம் பிரிவு இதைக் கூறுகிறது.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய நெறி அன்று. அமெரிக்காவில் பலர் காரை விலைக்கு வாங்காமல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்கின்றனர். மாதந்தோறும் கட்டணம் செலுத்திவிட்டுக் காலம் முடிந்ததும் காரைத் திருப்பித் தந்துவிடுவர். இடையிலேயே விட விரும்பினால் பெரும் தொகை கட்ட நேரிடும். இடையில் முறித்தால் என்ன செலவு என்பதை ஒப்பந்தத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அந்நாட்டில் 1976இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்செலவுக்கு அஞ்சுவோர், மீதிக் குத்தகையை வேறு ஒருவருக்கு மாற்றித் தருவது அங்கே வழக்கம். ஆனால் குத்தகை நிறுவனம் புதியவரின் கடன் வரலாற்றை ஆராய்ந்து, கட்டணம் பெற்று, சம்மதித்தால்தான் அம்மாற்றம் செல்லும். சம்மதித்த பிறகும் சில நிறுவனங்கள் பழையவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. ஆகவே "என்னை முற்றிலும் விடுவிக்கிறீர்களா?" என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்று அங்கும் அறிவுரை கூறுகின்றனர். நாடு வேறாயினும் நெறி ஒன்றே அன்றோ!

கடனைவிடப் பெரிய ஆபத்து

கடன் மட்டும்தான் பிரச்சினை என்று எண்ணியிருந்த நான், பிறகு அறிந்த செய்தியால் நடுங்கினேன். வண்டியின் காப்பீடு அந்த ஆண்டு சனவரியிலேயே முடிந்திருந்தது. புதுப்பிக்கச் சொல்லும் செய்தி அப்பாவின் கைப்பேசிக்கு வந்திருக்கிறது. அப்பா அதைப் படிக்கவில்லை. மாமாவுக்கோ அச்செய்தி வரவேயில்லை. மாதக் கணக்கில் அவ்வண்டி காப்பீடு இன்றிச் சாலையில் ஓடியிருக்கிறது.

அந்நாட்களில் அவ்வண்டி ஒருவர்மேல் மோதியிருந்தால் இழப்பீடு யார் தருவது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, எவர் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரே உரிமையாளர். கடன் ஒப்பந்தத்தில் உள்ள வண்டியாயின், அவ்வொப்பந்தத்தின்படி வண்டியை வைத்திருப்பவர் உரிமையாளர். எங்கள் வழக்கில் இரண்டுமே அப்பாதான். மாமா எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. ஒருவர் 2007இல் தம் காரை விற்றார். வாங்கியவர் பெயர் மாற்றாமலே அடுத்தவருக்கு விற்றார். இவ்வாறு கார் பல கை மாறியது. 2009இல் அந்தக் கார் விபத்துக்கு உள்ளானது. பதிவில் முதலாமவர் பெயரே இருந்தமையால் அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்தில் அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய வேண்டும் என்பது முறையன்று என்பதே அதற்குக் காரணம். நினைத்துப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றுகிறது. நாம்தான் நம் பெயரைக் காத்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தல்

கணித மாணவியாகிய நான் ஒரு சிறு கணக்கையும் இங்கே தர விரும்புகிறேன். பதினெட்டு டியூ கட்டியபின் எங்கள் கடன் எவ்வளவு மீதி இருந்தது?

அப்பா போட்ட கணக்கு இது: கட்டியது 18 முறை 7,900, அதாவது 1,42,200 ரூபாய், 3,00,000இல் அதைக் கழித்தால் மீதி 1,57,800. மாமா போட்ட கணக்கு வேறு: மீதி 30 டியூ, 30 முறை 7,900, அதாவது 2,37,000. இரண்டுமே தவறு.

தவணைக் கடனில் ஒவ்வொரு மாதமும் மீதி அசலுக்கு மட்டும் வட்டி கணக்கிடுவர். ஆண்டுக்கு 12 விழுக்காடு என்றால் மாதத்திற்கு 1 விழுக்காடு. முதல் மாத வட்டி 3,000 ரூபாய். கட்டிய 7,900இல் 3,000 வட்டிக்குப் போக, 4,900 மட்டுமே அசலில் கழியும். அடுத்த மாதம் 2,95,100க்கு வட்டி 2,951. அசலில் கழிவது 4,949. இவ்வாறு வட்டி சிறிது சிறிதாகக் குறைந்து, அசல் கழிவது சிறிது சிறிதாகக் கூடும். இப்படியே பதினெட்டு மாதம் கணக்கிட்டால், கட்டிய 1,42,200இல் ஏறக்குறைய 46,100 வட்டிக்கும் 96,100 அசலுக்கும் போயிருக்கும். மீதிக் கடன் ஏறக்குறைய 2,03,900 ரூபாய்.

அப்பா நினைத்ததைவிட இது 46,100 கூடுதல். மாமா நினைத்ததைவிட 33,100 குறைவு. அன்றே கடனை அடைத்து மாமா வாங்கியிருந்தால் அந்த 33,100 வட்டி மிச்சமாகியிருக்கும். முன்கூட்டி அடைப்பதற்கு ஒப்பந்தத்தில் எழுதியபடி ஒரு கட்டணம் கேட்பார்கள். அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருவரும் நிறுவனத்திற்குச் சென்று, "இன்று கடனை முடித்தால் எவ்வளவு?" என்று எழுத்தில் கேட்டிருந்தால் இவ்வளவும் ஒரே தாளில் தெரிந்திருக்கும்.

முறையான வழிகள்

டியூ முடியுமுன் வண்டியை விட விரும்புவோருக்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, கடனை முடித்து விற்பது. வாங்குபவர், முடிப்புத் தொகையை விற்பவர் கையில் தராமல் நிறுவனத்தின் கடன் கணக்கிலேயே கட்டி ரசீது பெற வேண்டும். பேசிய விலையில் எஞ்சியது விற்பவருக்கு. இதுவே இருவருக்கும் அச்சமற்ற வழி.

இரண்டு, கடனையே பெயர் மாற்றுவது. வாங்குபவரிடம் முழுத் தொகை இல்லையெனில், அவரை நிறுவனத்திற்கு அழைத்துச் சென்று, அவர் பெயரில் புதிய ஒப்பந்தம் எழுதச் சொல்ல வேண்டும். அவருடைய வருமானத்தையும் கடன் வரலாற்றையும் அவர்கள் ஆராய்வார்கள். எல்லா நிறுவனங்களும் இதற்கு இசைவதில்லை. இசைந்தால், பழையவரின் கணக்கு முடிந்தது என்று எழுதி வாங்குவது இன்றியமையாதது.

மூன்று, வண்டியை நிறுவனத்திடமே ஒப்படைப்பது. வேறு வழியே இல்லாதவர்க்கு உரியது இது. அவர்கள் வண்டியை ஏலம் விடுவர். ஏலத் தொகை கடனுக்குக் குறைவாக இருந்தால் மீதியை நம்மிடம் கேட்பர். 'வண்டியைக் கொடுத்தாயிற்று, கடன் தீர்ந்தது' என்று எண்ணுவது தவறு.

எவ்வழியில் சென்றாலும் மூன்று இடங்களில் பெயர் மாற வேண்டும். முதலில் நிறுவனம்: கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றும், ஈட்டுரிமை நீங்கியது எனக் கூறும் படிவம் 35உம் பெற வேண்டும். முன்பு கையொப்பமிட்டுக் கொடுத்த காசோலைகளையும் மறவாமல் திரும்பப் பெற வேண்டும். அடுத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்: விற்பவர் தரும் படிவம் 29, இருவரும் கையொப்பமிடும் படிவம் 30 ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரே மாநிலத்திற்குள் விற்றால், விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கடன் நிலுவையில் இருக்கும் வரை நிறுவனத்தின் எழுத்துச் சம்மதம் இன்றி இங்கே பெயர் மாற்ற முடியாது. மூன்றாவது காப்பீட்டு நிறுவனம்: வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

இம்மூன்றும் முடிந்ததா என்பதை விற்றவர் தாமே உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்பதை எம்பரிவாகன் செயலியில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். 'வாங்கியவர் மாற்றிக்கொள்வார்' என்று விட்டுவிட்டால் எங்கள் கதைதான்.

முடிவுரை

இவ்வளவையும் அறிந்தபின் நான் அப்பாவையும் மாமாவையும் ஒன்றாக உட்கார வைத்தேன். அதுவரை இருவரும் தெருவில் முகம் பார்ப்பதில்லை. மாமாவாலும் டியூ கட்ட இயலாது, அப்பாவாலும் வண்டி ஓட்ட இயலாது என்பதால், இருவரும் சம்மதித்து வேறு ஒருவருக்கு விற்க முடிவு செய்தனர். முதலில் காப்பீட்டைப் புதுப்பித்தோம். பிறகு நிறுவனத்தில் முடிப்புத் தொகையை எழுத்தில் வாங்கினோம். பாக்கித் தவணை, அபராதம் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. 2023 அக்டோபரில் பக்கத்து ஊர்ப் பூ வியாபாரி ஒருவர் வண்டியை வாங்கி, பணத்தை நேரே கடன் கணக்கில் கட்டினார். எஞ்சியது சிறு தொகைதான். அதை மாமாவுக்கே கொடுத்துவிடச் சொன்னார் அப்பா. "அவனும் அறுபதாயிரம் போட்டவன்தானம்மா" என்றார்.

ஆர்.சி.யில் பெயர் மாறிய அன்று அப்பா என் கைப்பேசியை வாங்கி அதை இரண்டு முறை பார்த்தார். எழுத்துக் கூட்டி ஆங்கிலத்தில் தம் பெயர் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். தம் பெயர் இல்லாததைக் கண்டு ஒருவர் அவ்வளவு மகிழ்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

2024ஆம் ஆண்டு நான் இக்கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். செவிலியர் ஆகவில்லை என்ற வருத்தம் சிறிது உண்டு. ஆயினும் கூட்டு வட்டியைப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதும்போது, அது எனக்கு வெறும் சூத்திரமாகத் தோன்றுவதில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்ற வண்டியாகவே தோன்றுகிறது.

நண்பர்களே! நம் பெற்றோர் பலர் படிக்காத தாள்களில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். நாம் படித்தவர்கள். இந்த விடுமுறையில் வீட்டிற்குச் சென்றதும் அந்தத் தாள்களை எடுத்துப் படியுங்கள். டியூ உள்ள வண்டி இருந்தால் அது யார் பெயரில், யார் கையில், எந்தக் காப்பீட்டில் இருக்கிறது என்று பாருங்கள். வண்டியைக் கொடுக்க நேர்ந்தால் பெயரையும் சேர்த்து மாற்றிக் கொடுங்கள். படித்த பிள்ளை வீட்டிற்குச் செய்யும் முதல் உதவி இதுவாக இருக்கட்டும் என்று கூறி முடிக்கிறேன்.